பானட்டுக்குள் ஒரு மெத்தை

“தொடாதே சாமி, தொலி உரிஞ்சு வரும்!” என்று அவுசேப்பு மேஸ்திரி கத்துவதற்குள் வெங்கிடேஸ்வரன் தொட்டுவிட்டார். பிக்கப் வண்டியின் பானட்டிலிருந்து பச்சைப் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு அவர் விரலோடு உரிந்து வந்தது.

“போன மாசந்தானே புதுப் பெயின்ட் அடிச்சுத் தந்தாய்?”

“அடிச்சேன். அடுப்பில இருக்கிற தோசைக்கல்லுக்குப் பெயின்ட் அடிச்சா நிக்குமோ?” அவுசேப்பு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்கி, அதன் உட்புறத்தைத் தட்டிக் காட்டினான். “இங்கே ஒரு மெத்தை உண்டாயிருந்ததே, அது எங்கே?”

வெறும் தகரம். சுற்றிலும் ஏழெட்டுத் துளைகள். ஒரு துளையில் மட்டும் கறுப்புப் பொத்தான் ஒன்று அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வெங்கிடேஸ்வரனுக்கு நினைவு வந்தது. சீமைக்குக் கப்பலேறிய ஒரு எஸ்டேட் துரையிடம் இந்த அமெரிக்க வண்டியை வாங்கியபோது, பானட்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில், நடுவில் தையல் போட்ட கனத்த மெத்தை ஒன்று இருந்தது. மட்டாஞ்சேரி அம்மன்கோவில் தெருவில் வண்டி வந்து நின்ற அன்று ஊரே திரண்டு வந்து அதைத்தான் பார்த்தது. எஞ்சினுக்கு எதற்கு மெத்தை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சளைக்காமல் பதில் சொன்னார்: “அமெரிக்காவிலே பனி பெய்யும் ஓய். நாம கொழந்தைக்குப் போர்த்தறோமில்லையா, அதுபோலேயாக்கும்.” அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் ‘பிக்கப் சாமி’ என்று பெயர். அவர் காதில் விழும்படி யாரும் அழைத்ததில்லை. அவர் காதில் விழாமலும் இருந்ததில்லை.

“பனிக்கான மெத்தைதானே? கொச்சியிலே எதுக்கு? போனாப் போறது” என்றார்.

அவுசேப்பு தலையில் அடித்துக்கொண்டான். “பனிக்கில்லை சாமி. எஞ்சின் சூடு மேலே ஏறாமத் தடுக்கிறதுக்கு. இல்லேன்னா பெயின்ட் நிக்காது, இப்பப் பார்த்தீரில்லே. ரெண்டாவது, இரைச்சலை அது குடிச்சுக்கும். மூணாவது, உள்ளே தீ பிடிச்சா இந்தப் பொத்தானெல்லாம் இளகி, மெத்தை அப்படியே எஞ்சின் மேலே விழும். நனைஞ்ச சாக்கு போட்டு மூடின மாதிரி தீ அணைஞ்சுபோகும்.”

“இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?”

“வண்டிக்கூட வந்த புஸ்தகத்தில படம் போட்டிருந்தது. நீர்தானே அதைப் பூஜை அலமாரியில வெச்சுப் பூட்டினது?”

வெங்கிடேஸ்வரனுக்குப் படமும் இரைச்சலும் பெரிதாகப் படவில்லை. ஆடி முப்பத்தொன்றாம் தேதிதான் பெரிதாகப் பட்டது.

தேயிலைக் கம்பெனி ஒன்றின் சாம்பிள் பெட்டிகளை மட்டாஞ்சேரிக் கிடங்கிலிருந்து தோப்பும்படிப் பாலம் தாண்டித் துறைமுக ஐலண்டுக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். ஆடிக் கடைசி நாளில் கம்பெனியின் வண்டி மேற்பார்வையாளர் செல்லதுரை வருவார். திருநெல்வேலிக்காரர். கையில் ஒரு பட்டியல் இருக்கும், வண்டியில் இருக்கவேண்டிய இருபத்தொரு இனங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஹாரன் என்று வரிசையாகப் போய், பதினேழாவது இடத்தில் ‘பானட் மெத்தை’ என்று நிற்கும். ஓர் இனம் குறைந்தாலும் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் ஆலுவாவில் மைத்துனன் சங்கரலிங்கம் நடத்தும் காபி கிளப்பில், மைத்துனன் பார்த்துக்கொண்டிருக்க, பந்தி விசாரிக்க வேண்டும். அந்த மைத்துனன் நாலு வருஷமாக அவருக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு, கடிதத்துக்குக் கடிதம் அதைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டிருந்தான்.

ஆடி முப்பத்தொன்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

“இன்னொண்ணு சாமி” என்றான் அவுசேப்பு, பெயின்ட் உரிந்த இடங்களை மோந்துகொண்டே. “இது சூடு மாத்திரம் செய்த வேலையில்லை. பாரும், வட்ட வட்டமா உரிஞ்சிருக்கு. ஏதோ காரம் பட்டிருக்கு.”

“காரமா?”

“சவுக்காரம் மாதிரி.”

வெங்கிடேஸ்வரனுக்கு உடனே விளங்கிவிட்டது. அவருக்கு எதுவும் உடனே விளங்கும். அதுதான் அவரிடம் உள்ள குறை. “ஒச்சப்பன்!” என்றார்.

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, பஜார் ரோட்டில் கைவண்டி இழுத்து, இப்போது சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கியிருந்தவன். கம்பெனி ஒப்பந்தத்தின்மேல் அவனுக்கும் ஒரு கண் உண்டு. மெத்தையைத் திருடி, பானட்டில் காரத்தையும் தெளித்துவிட்டுப் போக வேறு யாருக்கு என்ன அவசியம்?

அன்று மாலை ஐந்து மணிக்கு வண்டி வீட்டு ஷெட்டுக்குள் நுழைந்தபோது நீலாம்பாள் வழக்கம்போல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வந்தேளா? எஞ்சினைச் சித்த ஓட விடுங்கோ. ஓடி வந்த உடனே நிறுத்தினா அதுக்கு ஜலதோஷம் பிடிக்குமாம். வெந்நீர் காஞ்சு கெடக்கு, நேரே போய் நிதானமாக் குளிச்சுட்டு வாங்கோ. அவசரப்பட வேண்டாம்.”

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நீலாம்பாள் அவருக்கு வெந்நீர் வைத்ததாகத் தெருவில் யாருக்கும் தகவல் இல்லை. ஆனி மாதத்திலிருந்துதான் இந்த உபசாரம். முதலில் மிரண்ட வெங்கிடேஸ்வரன் பிறகு பழகிக்கொண்டார். வயது ஏற ஏறப் பெண்டாட்டிக்குப் புருஷனின் அருமை தெரியும் என்று பக்கத்துக் கூவப்பாடத்தில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

வெந்நீரோடு நின்றதா? அவருடைய முதுகுவலிக்கென்று தன் பழைய புடவையில் உறை தைத்து ஒரு மெத்தையும் செய்து கொடுத்திருந்தாள். வண்டியில் டிரைவர் சீட்டில் அதைப் போட்டுத்தான் உட்காருவார். வீட்டுக்கு வந்தால் கையோடு எடுத்துவந்து ஊஞ்சலில் போட்டுக்கொள்வார். சாப்பிடும்போதும் அதன்மேல்தான். கனமான மெத்தை, முதுகுவலி போயே போய்விட்டது. பதிலுக்கு உட்காரும் இடத்தில் ஓர் அரிப்பு வந்திருந்தது. வைத்தியர் அதை உஷ்ணம் என்றார். நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னார்.

குளித்துவிட்டு வந்து மெத்தையில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து சொறிந்துகொண்டே வெங்கிடேஸ்வரன் விஷயத்தைச் சொன்னார்.

“நீலா, வண்டி மெத்தையை எவனோ அடிச்சுண்டு போயிட்டான்.”

நீலாம்பாளின் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. “அது இல்லாட்டா என்ன? ஒண்ணரை மாசமா வண்டி ஓடலையா?”

“பதினேழாவது இனமாக்கும் அது! செல்லதுரை கேப்பாரே!”

“அவர் நல்ல மனுஷர். ஒண்ணும் சொல்லமாட்டார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆனியிலே ஒரு நாள் ஏதோ காயிதம் குடுக்க வந்தாரே, நீங்க குளிச்சுண்டிருந்தேளே. நாலு வார்த்தை பேசினார். பார்த்தாலே தெரியும்” என்று சொல்லி, பொரித்த அப்பளம் இரண்டை இலையில் போட்டாள்.

அப்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலாம்பாளின் அப்பளத்துக்கு மட்டாஞ்சேரியில் ஒரு பெயர் இருந்தது. இந்த வருஷம் அதில் இன்னதென்று சொல்லமுடியாத ஒரு புது மணம் வேறு. எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரி ஜன்னல் வழியாகவே மூன்று முறை கேட்டுவிட்டாள்: “எந்தக் கடைப் பெருங்காயம்டி நீலா?” நீலாம்பாள் சிரிப்பாளே தவிரக் கடை பெயரைச் சொல்லமாட்டாள். சனிக்கிழமைதோறும் ஒரு கட்டு கம்பெனி துரையின் பங்களாவுக்குப் போகும். வெங்கிடேஸ்வரனே கொண்டுபோய்ச் சமையல்காரனிடம் கொடுப்பார். துரை அதைச் சாயங்காலம் எதனுடனோ கடித்துக்கொள்வதாகக் கேள்வி. எதனுடன் என்று அவர் விசாரித்ததில்லை, அவர் ஆசாரமானவர்.

மறுநாள் மெத்தை தைக்கிறவனிடம் போய், பானட் அளவுக்கு இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைக்கச் சொன்னார். சிவப்புக் கோடு போட்ட துணி. பார்ப்பதற்குத் தொட்டில் மெத்தை மாதிரி அழகாக இருந்தது. அவுசேப்பு அதைக் கம்பியால் கட்டினான். “சாமி, இது சரியாகாது” என்று ஒரு முறை சொன்னான். கட்டி முடித்த பிறகு இன்னொரு முறை சொன்னான்.

அன்று மாலை வண்டி ஷெட்டுக்கு வந்ததும் நீலாம்பாள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெந்நீர் இல்லை. மூன்று நாள் இப்படியே போயிற்று. அந்தச் சனிக்கிழமை பங்களாவுக்கு அப்பளக் கட்டும் போகவில்லை. கேட்டதற்கு, “ஒடம்பு சரியில்லை” என்றாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. உளுந்து மாவைப் போட்டு இடித்த இடியில் அடுத்த வீட்டுச் சுவர் அதிர்ந்தது.

நாலாம் நாள் காலை பஜார் ரோட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, மெத்தையின் ஒரு மூலை தொங்கி எஞ்சின் காற்றாடியில் மாட்டிக்கொண்டது. டர்ரென்று ஒரு சத்தம். அடுத்த கணம் வண்டியின் முன்பக்கக் கம்பிகள் வழியாக இலவம்பஞ்சு பொங்கிப் பொங்கி வெளியே வந்தது. நல்ல மழை. தெருவும் ஈரம், மனிதர்களும் ஈரம். பறந்த பஞ்சு பட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மிளகுக் கிடங்கு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற ஒரு குஜராத்தி சேட்டுக்கு இரண்டு நிமிஷத்தில் வெள்ளைத் தாடி முளைத்தது. சுமை தூக்குகிறவர்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

“சாமி!” என்று யாரோ கூவினார்கள். “அமெரிக்காவில பனி பெய்யும்னு சொன்னீரே, இதுதானா?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒச்சப்பன் வந்தான். குனிந்து காற்றாடியில் சுற்றியிருந்த துணியைக் கத்தியால் அறுத்து எடுத்தான். வண்டியைத் தள்ளி ஓரமாகவும் விட்டான்.

“என்ன சாமி, வண்டிக்குள்ள தொட்டி கட்டிப் புள்ளைய உறங்கப் போட்டிருந்தீங்களா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாதோ?” என்றார் வெங்கிடேஸ்வரன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“எனக்கு என்ன தெரியும்?”

குற்றவாளி அப்படித்தான் சொல்வான் என்று வெங்கிடேஸ்வரன் குறித்துக்கொண்டார். அவன் வலிய வந்து உதவியதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு இல்லாவிட்டால் போட்டிக்காரனுக்கு எவனாவது உதவுவானா?

பானட் மறுபடி வெறும் தகரமாயிற்று. அன்று மாலை மறுபடி வெந்நீர் காய்ந்து கிடந்தது. “எஞ்சினைச் சித்த ஓட விடுங்கோ” என்றாள் நீலாம்பாள், குழைந்து. அவர் படும் கஷ்டத்தைப் பார்த்து இளகிவிட்டாள் என்று வெங்கிடேஸ்வரன் நினைத்தார்.

இனி வாசலில் போடும் தென்னங்கயிற்று மிதியடிதான் என்று முடிவு செய்தார். கொச்சியில் அதற்குப் பஞ்சமா? இரண்டு விரல் கனத்தில் பெரிய மிதியடி ஒன்றை வாங்கினார். அவுசேப்பு கையெடுத்துக் கும்பிட்டான்.

“கயிறு தீ பிடிக்கும். என்னை விட்டிரும்.”

“ஜலத்திலே ஊற வெச்சா?”

“ஊற வெச்சா ஓடாது. காஞ்சா எரியும். ரெண்டும் எனக்கு வேண்டாம் சாமி.”

வெங்கிடேஸ்வரன் தாமே செய்தார். உப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து பானட்டுக்கு அடியில் கட்டினார். இரவெல்லாம் அது எஞ்சின்மேல் சொட்டியது. மறுநாள் வண்டி உறுமக்கூட இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து ஊதிப் பார்த்தார். கடைசியில் அந்த ஒச்சப்பனே வந்து தெருக்கோடி வரை தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தான். சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பருத்தது.

வண்டி ஓடியது. மிதியடி காய்ந்தது. உப்புப் பூத்து, கயிற்றுத் தும்பெல்லாம் எஞ்சின்மேல் உதிரத் தொடங்கியது. அதற்குள் ஆடி முப்பத்தொன்று வந்துவிட்டது.

செல்லதுரை குடையும் பட்டியலுமாகக் காலை பத்து மணிக்கு வந்தார். ஒச்சப்பனின் வேனும் தெருமுனையில் வந்து நின்றது. இந்த வண்டி தேறாவிட்டால் அடுத்தபடியாக அதைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒச்சப்பன் மழைக்குத் தலையில் ஒரு கோணியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே நின்றான். நீலாம்பாள் வாசற்கதவுக்குப் பின்னால் நின்றாள். திரிபுரசுந்தரி தன் ஜன்னலில். தெருவில் மற்ற ஜன்னல்களும் காலியாக இல்லை.

“எஞ்சின ஓட விடும் சாமி. ஒவ்வொண்ணாப் பாத்திருவோம்.”

வெங்கிடேஸ்வரன் மெத்தையில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஸ்டெப்னி, சரி. ஜாக்கி, சரி. ஹாரனை அமுக்கச் சொன்னார், அமுக்கினார், திரிபுரசுந்தரி ஜன்னலை விட்டு ஒரு அடி பின்வாங்கி மறுபடி வந்தாள். பன்னிரண்டு, பதிமூன்று. சோதனை நீண்டது, எஞ்சின் காய்ந்தது. பதினாறாவது இனம் கண்ணாடித் துடைப்பான். அதுவும் சரி.

“பதினேழு. பானட்டு மெத்த” என்றார் செல்லதுரை. பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தினார். “என்னவே பொகையுது?”

பானட்டின் இரண்டு பக்கத்திலும் புகை வந்துகொண்டிருந்தது. வெங்கிடேஸ்வரன் பதறி எஞ்சினை நிறுத்தி, கீழே குதித்தார். குதித்தவர் திரும்பிக் கையை உள்ளே விட்டு எதைக் காப்பாற்றினார் என்றால், அந்த மெத்தையை. அதற்குள் ஒச்சப்பன் பானட்டைத் தூக்கிவிட்டான். மிதியடி ஒரு பக்கம் அறுந்து எஞ்சின்மேல் தொங்கி, திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

“சாமி, அந்த மெத்தையக் குடுங்க! மேல போட்டு அமுக்கிருவோம்!”

“இதையா? இது என் ஆத்துக்காரி கையாலே தெச்சதாக்கும்!” வெங்கிடேஸ்வரன் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“வண்டி எரியுதுய்யா!”

“தரமாட்டேன்!”

ஒச்சப்பன் ஏதோ முணுமுணுத்தான். அதை அச்சில் போடமுடியாது. தலையிலிருந்த நனைந்த கோணியை உருவி எஞ்சின்மேல் வீசி, இரண்டு கையாலும் அமுக்கினான். உஸ்ஸென்று சத்தம். வெள்ளைப் புகை ஷெட்டை நிறைத்தது. புகை அடங்கியபோது தீ இல்லை. மிதியடியும் இல்லை. இரண்டு ஒயர்கள் கருகியிருந்தன. மற்றபடி எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பானட்டின் உட்புறம் வெறும் தகரமாகப் பளபளத்தது.

வெங்கிடேஸ்வரன் மெத்தையை வாசற்படியில் போட்டு அதன்மேல் சரிந்து உட்கார்ந்தார். ஆலுவாவில் காலியாகக் கிடக்கும் நாற்காலி கண்முன் வந்தது. மைத்துனன் சங்கரலிங்கம் முந்திரிக்கொட்டை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு, ‘அத்திம்பேரே, ரெண்டாம் பந்திக்கு ரசம் போகலையே’ என்று சொல்வது காதில் விழுந்தது.

“எடுத்துண்டு போனவன் இதோ நிக்கறான்” என்று ஈனசுரத்தில் ஒச்சப்பனைக் காட்டினார். “அவனையே கேளுங்கோ.”

“நானா?” என்றான் ஒச்சப்பன், வெந்த கையை ஊதிக்கொண்டு.

செல்லதுரை ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே போகும் காலடிச் சத்தம். அவர் பேனாவைத் திறந்து, பதினேழுக்கு நேராக ஒரு கோடு கிழித்து ‘சரி’ என்று எழுதினார். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை பார்க்காமலே ‘சரி’ போட்டார். கீழே கையெழுத்தும் போட்டுக் காகிதத்தை நீட்டினார்.

வெங்கிடேஸ்வரன் காகிதத்தைப் பார்த்தார். செல்லதுரையைப் பார்த்தார். உட்கார்ந்த இடத்தில் ஒரு முறை சொறிந்துகொண்டார்.

“மெத்தை இல்லையே சார்?”

செல்லதுரை குடையை விரித்துக்கொண்டே குனிந்து, அவர் காதருகில் சொன்னார்:

“ஆனி மாசத்துலேருந்து அது மேலதான உக்காந்திருக்கீரு சாமி, திரும்ப உள்ள மட்டும் மாட்டிராதேயும், பானட்டு சூடாவாட்டி இந்த மழையில அம்மா அதுல அப்பளம் காயப்போட முடியாது, அப்பளம் வராட்டி எங்க துரை ஒம்ம வண்டிய எதுக்கு வச்சிருக்கப் போறாரு?”